ஒளிரும் மீனும் நசுங்கிய கையும்

கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. ஓர் உடலின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை இப்படித்தான் கணக்கிடச் சொன்னது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் அதே எண்களைத்தான் எடுத்துக்கொண்டது. எலும்பும் மூட்டும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவை. துண்டிக்கப்பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டிவிடலாம். நூறாண்டுக்கு முன் சட்டம் எழுதியவர்களுக்கு அது வசதியாக இருந்தது. உடற்கூற்றியலோ ஒரு சங்கடமான உண்மையைச் சொல்கிறது: மனித விரலுக்குள் அதை மடக்கி நீட்டும் தசை கிடையாது. அந்த வேலையைச் செய்யும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன; நாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன. ஐந்து விரலும் அப்படியே இருக்க, முன்கைத் தசை நசுங்கி வடுவாகிப்போன ஒருவரால் ஸ்பேனரை இறுகப் பிடிக்க முடியாது. அட்டவணையில் தசைக்கென்று ஒரு வரிகூட இல்லை. உறுப்பின் பயன் முழுமையாகவும் நிரந்தரமாகவும் போயிருந்தால் உறுப்பே போனதாகக் கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு உண்டு. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவர் தம் மதிப்பீட்டில் சதவீதம் சொல்லவும் வழி உண்டு. ஆனால் தசை முழுமையாகப் போவது அரிது. எந்த நாளில் அதன் இழப்பு நிரந்தரமாயிற்று என்று சொல்வது அதைவிடக் கடினம். அப்படியிருக்க, அந்த மதிப்பீடு எந்த அறிவின்மேல் நிற்கும்?

இந்தக் கேள்வியை ஓசூரிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறுபட்டறைகள் அவற்றைவிடப் பன்மடங்காகப் பெருகின. தகடு வெட்டும் பவர் பிரஸ், வார்ப்பு, ஃபோர்ஜிங், ரோலர், கன்வேயர் எல்லாம் இந்த வட்டாரத்தின் அன்றாடம். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கிரானைட் குவாரி. அங்கே காலும் நசுங்கலாம். ஹரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிலைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள், கைவிரல் நசுங்கும் விபத்துகளில் பவர் பிரஸ்ஸை முதன்மைக் காரணமாகச் சுட்டுகின்றன. இயந்திரம் இங்கும் அதேதான். அதற்கு முன் நிற்பவர் தர்மபுரிக்காரராகவும் இருக்கலாம், ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளியாகவும் இருக்கலாம். இங்கிருந்து 40 கிலோமீட்டர் தாண்டினால் பெங்களூரு. அடிபட்ட தசை எப்படித் தன்னைத் தானே மீண்டும் கட்டிக்கொள்கிறது என்று ஆராயும் இந்தியாவின் முக்கியமான ஆய்வகங்கள் சில அந்த நகரத்தில் இருக்கின்றன. காயம் நடக்கும் இடமும் காயத்தை ஆராயும் இடமும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒன்றின் மொழி மற்றதற்குப் போய்ச் சேரவில்லை. மரபணு மாற்றிய ஒரு சிறு மீனில் நடக்கும் ஆய்வு, ஆலைக் காயத்தை நாம் புரிந்துகொள்ளும் முறையையே மாற்ற வேண்டும் என்பது என் வாதம். அந்த மாற்றத்துக்கு மீனிலிருந்து ஒரு மருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காயத்தை ஒரு காலவரிசையாகப் பார்க்க மீன் கற்றுத் தருகிறது, அதுவே போதும்.

தசை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது பழைய செய்தி. அதைச் செய்வது யார் என்பது 1961இல்தான் தெரிந்தது. அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசையிழையின் விளிம்பில் அதன் உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு ஒரு சிறு செல் இருப்பதைக் கண்டார். கோளைச் சுற்றும் துணைக்கோள் போல இழையோடு ஒட்டியிருந்ததால் துணைக்கோள் செல் என்று பெயர் வைத்தார். இன்று அதைத் தசைக் குருத்தணு என்கிறோம். சாதாரண நாளில் அது உறங்கும். இழை கிழிந்தால் விழித்துப் பிளந்து பெருகும். பெருகியவை ஒன்றோடொன்று சேர்ந்து புது இழையாகும். சில மறுபடி உறங்கப் போய் அடுத்த காயத்துக்குக் காத்திருக்கும். உடற்பயிற்சியில் ஏற்படும் நுண்கிழிசல், ஊசி குத்திய தழும்பு, சிறு அடி எல்லாமே இப்படித்தான் ஆறுகின்றன. ஆனால் இந்தத் திறனுக்கு எல்லை உண்டு. ஒரு தசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிய்ந்துபோனால் குருத்தணுக்களால் இடைவெளியை நிரப்ப முடிவதில்லை. அங்கே நார்த்திசு வந்து அடைகிறது. ரத்த ஓட்டம் சில மணி நேரம் நின்றுபோனால் தசையே செத்துவிடும். நரம்பு அறுந்திருந்தால் வேறு ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்: நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், அது வந்து சேர்வதற்குள் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கடந்துவிட்டால் தசை அதை ஏற்கும் நிலையில் இருக்காது. ஆக, தசைக் காயத்தின் முடிவைத் தீர்மானிப்பவை பல. அவற்றில் பெரும்பாலானவை விபத்து நடந்த கணத்தில் தீர்மானமாவதில்லை.

இதையெல்லாம் நேரில் பார்ப்பதுதான் சிக்கலாக இருந்தது. எலியின் காலைக் காயப்படுத்தி மூன்றாம் நாள் ஒன்றைக் கொன்று தசையைச் சீவிப் பார்க்கலாம், ஏழாம் நாள் இன்னொன்றைக் கொன்று பார்க்கலாம். கிடைப்பவை தனித்தனி நிழற்படங்கள். மூன்றாம் நாள் இருந்த செல்தான் ஏழாம் நாள் இழையானதா, அல்லது அது செத்துப்போய் வேறொன்று வந்ததா என்பதை அந்தப் படங்களுக்கு இடையில் ஊகிக்கத்தான் முடியும். ஜீப்ரா மீன் இங்கேதான் உதவிக்கு வருகிறது. வண்ணமீன் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும், மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள, நீலக்கோடு போட்ட இந்திய மீன் அது. அதை 1822இல் முதலில் விவரித்து எழுதியவர் பிரான்சிஸ் ஹாமில்டன். 1800–01இல் சென்னையிலிருந்து மைசூர், கனரா, மலபார் வழியாகப் பயணம் செய்து மூன்று தொகுதிகள் எழுதிய பிரான்சிஸ் புக்கானனும் அவரும் ஒருவரே. பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டார். நம் வட்டாரங்களின் நெசவையும் உழவையும் குறித்துவைத்த அதே பேனாதான் கங்கைச் சமவெளியின் இந்த மீனையும் குறித்துவைத்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் ஓரிகனில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். 1981இல் வெளியான அவருடைய கட்டுரையோடு அது ஒரு முறையான ஆய்வு விலங்காயிற்று. முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. குஞ்சு முதல் சில நாட்களுக்குக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிறது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு அதனிடம் இணை இருக்கிறது என்று 2013இல் வெளியான மரபணுத்தொகுப்பு ஆய்வு காட்டியது.

ஊடுருவித் தெரிந்தால் மட்டும் போதாது; எந்தச் செல் எது என்றும் தெரிய வேண்டும். அதற்குத்தான் மரபணு மாற்றம். ஜெல்லிமீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர்புரதத்தை உயிருள்ள செல்லுக்குள் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியதற்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தசைக் குருத்தணுவில் மட்டும் விழித்திருக்கும் பேக்ஸ்7 போன்ற ஒரு மரபணுவின் இயக்கப் பகுதியோடு ஒளிர்புரதத்தின் மரபணுவை ஒட்டவைத்து, ஒற்றைச் செல்லாக இருக்கும் முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்துகிறார்கள். அது குரோமோசோமில் நுழைந்து அடுத்த தலைமுறைக்கும் போய்விட்டால், அந்தப் பரம்பரையின் ஒவ்வொரு குஞ்சிலும் குருத்தணு மட்டும் பச்சையாக மின்னும். இன்னொரு வகைச் செல்லுக்குச் சிவப்பு கொடுக்கலாம். ஒரு செல்லின் சந்ததி முழுவதும் ஒரே நிறத்தில் வரும்படியும் செய்யலாம். பிறகு குஞ்சை மயக்கி, வால்பகுதித் தசையில் ஊசியாலோ லேசராலோ சில இழைகளை மட்டும் சிதைத்து, நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்காக, நாள்கணக்காகப் படமெடுக்கிறார்கள். மீன் சாவதில்லை, படம் தொடர்ந்து ஓடுகிறது.

அப்படி ஓடிய படங்கள் காட்டியவை சாமானியமானவை அல்ல. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கரி குழுவினர் 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, காயம் முதல் புது இழை வரை முழு நிகழ்வையும் உயிருள்ள மீனில் பின்தொடர்ந்தது. குருத்தணு பிளக்கும்போது இரு மகள்களும் ஒரே விதியைப் பெறுவதில்லை. ஒன்று குருத்தணுவாகவே தங்குகிறது, மற்றது பெருகி இழையாகிறது. அடிபட்ட இழை, அடிபடாமல் பக்கத்தில் நிற்கும் இழை இரண்டோடும் குருத்தணு தொடர்பு வைத்துக்கொள்கிறது. அதே ஆண்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் சைமன் ஹியூஸ் குழுவினர், பேக்ஸ்7 மரபணுவின் இரு வடிவங்களுக்குத் தனித்தனி அடையாளம் கொடுத்துப் பார்த்து, மீனின் தசையில் குருத்தணுக்கள் ஒரே இனமல்ல, காயத்துக்கு வெவ்வேறு விதமாக எதிர்வினை செய்யும் இரு கூட்டங்கள் என்று காட்டினர். ஆனால் என் வாதத்துக்கு அச்சாணியாக இருப்பது 2021இல் ‘நேச்சர்’ இதழில் கரி குழுவிலிருந்தே தனுஷிகா ரத்நாயக்க முதலாசிரியராக வெளியிட்ட ஆய்வு. காயம் பட்டதும் பெருவிழுங்கிகள் என்னும் தற்காப்புச் செல்கள் ஓடிவந்து செத்த இழைகளைத் தின்று அப்புறப்படுத்துகின்றன. இது தெரிந்த விஷயம். குப்பை அள்ளிவிட்டு அவை எல்லாம் போய்விடும் என்று தோன்றலாம். படத்தில் தெரிந்தது வேறு. ஒரு பகுதி போய்விடுகிறது. இன்னொரு பகுதி அங்கேயே தங்கி, குருத்தணுவைத் தொட்டுத் தழுவிக்கொண்டு நிற்கிறது. அந்தத் தொடுகைக்குப் பிறகே குருத்தணு பிளக்கிறது. தங்கியவை நாம்ப்ட் என்ற புரதத்தைச் சுரக்கின்றன, அது குருத்தணுவின் மேலுள்ள சிசிஆர்5 என்ற ஏற்பியில் அமர்ந்து ‘பெருகு’ என்று சொல்கிறது. எய்ட்ஸ் கிருமி நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவும் இதே சிசிஆர்5தான் என்பது ஒரு விசித்திரமான பக்கச் செய்தி.

இந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதும் முக்கியம். பெருவிழுங்கி குருத்தணுவின் பக்கத்தில் நிற்பதாலேயே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. விபத்து நடந்த இடத்தில் நின்றவரெல்லாம் சாட்சியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. அதனால் இன்னொரு மரபணு மாற்றத் தந்திரத்தைக் கையாண்டார்கள். ஒரு பாக்டீரியாவின் நொதி பெருவிழுங்கியில் மட்டும் உருவாகும்படி செய்த மீன் பரம்பரை இருக்கிறது. அந்த மீன் நீந்தும் நீரில் மெட்ரோனிடசோல் கலந்தால், நொதி அந்த மருந்தை நஞ்சாக மாற்றிப் பெருவிழுங்கிகளை மட்டும் கொல்லும். நம் ஊர் மருந்துக்கடையில் சீதபேதிக்கு வாங்கும் மாத்திரையேதான் அது. எந்தக் கட்டத்தில் மருந்தைக் கலப்பது என்று ஆய்வாளர் தேர்ந்துகொள்ளலாம். குப்பை அள்ளும் கட்டம் முடிந்த பிறகு, தங்கியிருக்கும் பெருவிழுங்கிகளை மட்டும் அழித்துப் பார்த்தபோது, காயம் சுத்தமாகியிருந்தும் தசை சரிவர மீளவில்லை. வந்து தின்றது போதவில்லை, தங்கியிருந்தால்தான் ஆயிற்று. ஒரே செல்வகை, இரண்டு வேலை, இரண்டு நேரம். நிழற்படங்களில் இது தெரிய வழியே இல்லை.

பெங்களூரு இதில் எங்கே வருகிறது? தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கே. விஜயராகவன் குழுவினர் 2017இல் ‘ஈலைஃப்’ இதழில் வெளியிட்ட ஆய்வு மீனில் அல்ல, பழ ஈயில் நடந்தது. வளர்ந்த ஈயின் பறக்கும் தசையில் குருத்தணு கிடையாது என்பதே அதுவரையிலான நம்பிக்கை. அவர்கள் தசையில் ஊசியால் குத்திக் காயப்படுத்தி, ஒளிரும் அடையாளங்களை வைத்துத் தேடியபோது, முதுகெலும்பிகளின் துணைக்கோள் செல்லுக்கு நிகரான செல்கள் அங்கும் இருப்பதும், காயத்துக்குப் பின் அவை பெருகுவதும் தெரிந்தன. அதே வளாகத்தில் 2009இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டெம் நிறுவனத்திலும் ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்திலும் ஜோத்ஸ்னா தவன், குருத்தணுவின் உறக்க நிலையையே தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டவர். அந்த உறக்கம் வெறும் சோம்பலல்ல, செல் முயன்று காத்துவரும் ஒரு நிலை என்பதே அந்த ஆய்வுகளின் சாரம். மீன் பக்கம் பார்த்தால், தில்லியின் ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் நம் காட்டு ஜீப்ரா மீனின் மரபணுத்தொகுப்பை 2009இல் வாசித்து முடித்தது. ஆக, கருவிகளோ ஆட்களோ இந்த நாட்டில் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

இனி மறுப்புகள். முதலாவது: மீன் மனிதனல்ல. இதைச் சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். நானே அவர்களுக்கு இன்னும் வலுவான சான்று தருகிறேன். வளர்ந்த ஜீப்ரா மீனின் கண்ணை அசைக்கும் தசையில் பாதியை வெட்டியெடுத்தாலும் பத்து நாட்களுக்குள் அது பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது. அங்கே வேலை செய்வது குருத்தணு அல்ல, முதிர்ந்த தசைச்செல்லே பின்னோக்கிச் சென்று பிளக்கும் நிலையை அடைகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது. பாலூட்டிகளின் தசை இந்த வழியில் மீள்வதில்லை. மேலும், குஞ்சுமீனின் காயம் சில இழைகள் அளவுதான். பெருவிழுங்கி அங்கே நகரும் தூரத்தை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். டன் கணக்கில் அழுத்தும் பிரஸ்ஸில் சிக்கிய கையில் எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய், தோல் அனைத்தும் ஒரே நேரத்தில் சிதைந்திருக்கும், கிரீஸும் இரும்புத்தூளும் உள்ளே போயிருக்கும். ஆகவே ‘மீனைப் போல மனிதத் தசையும் வளரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் 2021 ஆய்வு மீனோடு நிற்கவில்லை. நாம்ப்ட் புரதத்தைச் சுண்டெலியின் கால் தசையில், தானாக ஆறாத அளவுக்குப் பெரிய காயத்தில், களிம்பு போன்ற ஒரு ஊடகத்தில் வைத்துப் பார்த்தார்கள். தசை மீள்வது மேம்பட்டது. மீன் கேள்வியைக் கண்டுபிடித்தது, எலி அதைச் சோதித்தது, மனிதர் இன்னும் வரிசையில் இருக்கிறார். மீன் தருவது வரிசைமுறை பற்றிய அறிவு: யார் வருகிறார், யார் தங்குகிறார், எப்போது. அந்த வரிசையின் பல கண்ணிகள் மீனுக்கும் எலிக்கும் நமக்கும் பொது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பிரஸ்ஸுக்கு ஒரு தடுப்பும், இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இயங்கும் ஏற்பாடும், கை உள்ளே இருந்தால் நிறுத்தும் ஒளித்திரையும் இருந்தால் காயமே இல்லை. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இதைச் செய்யாமல் மீனின் தசையை ஆராய்வது, தண்ணீர்க் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது ஆகாதா? தடுப்பே முதல் கடமை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் மீனாய்வுக்கான பணத்தை நிறுத்தினால் அது ஒளித்திரையாக மாறி ஓசூர் பட்டறைக்கு வரப்போவதில்லை. ஆய்வுக்குப் பணம் தருவது மத்திய அரசின் அறிவியல் துறைகள், தடுப்பு போடாததற்குக் காரணம் பட்டறையின் லாபக்கணக்கும் தொழிற்சாலை ஆய்வாளர்களின் கண்டும் காணாமையும். இரண்டும் வேறு வேறு பைகள். இன்னொன்று: காயத்தின் நீளம் தெரியாத வரை அதன் விலையும் தெரியாது. விரலுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு நாளில் தீர்ந்துவிடும் காயம் முதலாளிக்கு மலிவானது. அது ஒன்றரை ஆண்டு ஓடும் ஒரு உயிரியல் நிகழ்ச்சி, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் வலு குறையலாம் என்று நிறுவப்பட்டால், தடுப்பு போடுவதே மலிவாகிவிடும். அப்போது அடிப்படை ஆய்வு தடுப்புக்கு எதிராக நிற்பதில்லை, அதற்காக வாதாடுகிறது.

மூன்றாவது மறுப்பை இந்த வட்டாரத்துக்காரர்கள்தான் எழுப்ப வேண்டும், எழுப்பினால் நியாயம். மரபணு மாற்றிய மீன் தொட்டியிலிருந்து தப்பினால்? பெங்களூருவின் கிழக்குப் பாதியின் கழிவுநீர் தென்பெண்ணையில் இறங்கி ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையில் நுரை மலையாகப் பொங்கும் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நகரத்தின் சாக்கடையில் விழுவது எல்லைக்கோட்டில் நிற்காது. இந்த அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. ஒளிரும் ஜீப்ரா மீன்கள் அமெரிக்காவில் 2003 இறுதியில் அலங்கார மீனாக விற்பனைக்கு வந்தன. பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அம்மீன்கள் ஓடைகளில் பிழைத்து இனப்பெருக்கமும் செய்வதாக 2022இல் ஆய்வு வெளியாயிற்று. அங்கே அவை அந்நிய இனம். இங்கேயோ ஜீப்ரா மீன் இந்தத் துணைக்கண்டத்தின் சொந்த மீன். தப்பிய மீன் காட்டு மீனோடு கலந்துவிட வாய்ப்பு கூடுதல். ஆகவே இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமையாக இருப்பதே பொருத்தம். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள், ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒன்றைக் கட்டாயமாக்குகின்றன. மரபணு மாற்றிய உயிரிகளை அனுமதியின்றி வெளியில் விடுவதையும் விற்பதையும் தடுக்கின்றன. என் பார்வையில் ஆய்வகத் தொட்டியைவிட வண்ணமீன் வியாபாரமே பெரிய ஓட்டை: பிரேசில் மீன்கள் தப்பியது ஆய்வகத்திலிருந்து அல்ல, பண்ணையிலிருந்து. முரண் என்னவென்றால், சிங்கப்பூரில் ஒளிரும் ஜீப்ரா மீனை உருவாக்கிய கோங் சியுவான் குழுவின் நோக்கங்களில் ஒன்று, நீரில் நஞ்சு கலந்தால் ஒளிர்ந்து காட்டும் மீனை உண்டாக்குவது. தென்பெண்ணைக்கு அப்படியொரு சாட்சி தேவைப்படாத அளவுக்கு நுரையே போதுமான சாட்சியாக இருக்கிறது.

மீனைக் காயப்படுத்துவது அறமா என்ற கேள்வியும் உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் நிறுவன நெறிக்குழுக்களும் வரம்பு கட்டியிருக்கின்றன. மயக்க மருந்தோடு சில இழைகளைச் சிதைக்கும் ஆய்வு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எலியைக் கொன்ற முறையைவிடக் குறைவான உயிர்களைக் கேட்கிறது. முழு விடை இதுவல்ல என்று தெரியும். மீன்குழம்பு உண்ணும் சமூகம் இந்தக் கேள்வியை ஆய்வகத்தின் வாசலில் மட்டும் எழுப்புவது சற்று வேடிக்கையானது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இப்போது ஒரு ஒப்பீடு. ஆய்வகத்தில் காயம்பட்ட குஞ்சுமீனுக்கு மணிக்கணக்கில் பதிவு உண்டு: பெருவிழுங்கி எப்போது வந்தது, எப்போது தங்கியது, குருத்தணு எத்தனை முறை பிளந்தது, புது இழை எந்தத் திசையில் நீண்டது. காயம்பட்ட தொழிலாளிக்குப் பொதுவாக இரண்டு பதிவுகள்தான்: விபத்தறிக்கை, இறுதியில் ஒரு சதவீதம். இடைப்பட்ட மாதங்களில் தசை என்ன ஆயிற்று என்பதற்கு ஆவணமில்லை. சட்டம் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் தற்காலிக இயலாமைக்கு, அது நீடிக்கும் வரை, சம்பளத்தில் 90 சதவீதம் தர வழியிருக்கிறது. முன்கூட்டி அறியமுடியாத வகையில் நிலை மோசமானால் மருத்துவ வாரியம் தன் மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யவும் பிரிவு இருக்கிறது. ஆனால் ‘மோசமானது’ என்று நிரூபிக்க முந்தைய அளவு ஒன்று வேண்டும். அதை அளந்து வைக்காதபோது பிரிவு காகிதத்தில் கிடக்கும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர் பொதுவாக இ.எஸ்.ஐ.க்குள் வரமாட்டார். ஒப்பந்தத் தொழிலாளியோ ஒன்றரை ஆண்டு ஒரே ஊரில், ஒரே ஒப்பந்தக்காரரிடம் இருப்பதே அரிது. உடல் தன் கணக்கை முடிக்கும் முன்பே ஆள் ரயிலேறிவிடுகிறார்.

‘இதற்கு மீன் எதற்கு, எலும்பு முறிவு மருத்துவருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் தசை நாளாக நாளாக மாறும் என்பது தெரியாதா’ என்று கேட்கலாம். தெரியும். கோயம்புத்தூரிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் கை அறுவை சிகிச்சையை ஒரு கலையாகவே வளர்த்த மருத்துவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அனுபவ அறிவு தீர்ப்பாயத்தில் ஒரு அபிப்பிராயமாகத்தான் ஏறும். எதிர்த்தரப்பு இன்னொரு அபிப்பிராயத்தைக் கொண்டுவரும். உயிருள்ள உடலில், செல் செல்லாகப் பின்தொடர்ந்து, ஒரு கட்டத்தை மட்டும் நீக்கிப் பார்த்து, அது இல்லாவிட்டால் தசை மீளாது என்று நிறுவிய சான்றின் எடை வேறு. தசையின் மீட்சி கட்டங்களால் ஆனது, கட்டத்தைத் தவறவிட்டால் பின்னால் ஈடுகட்டுவது கடினம் என்பதை மீன் காட்டிவிட்டது. மனிதரில் அக்கட்டங்கள் எத்தனை நாள் என்ற கணக்கு மருத்துவமனைகளில்தான் எடுக்கப்பட வேண்டும். எடுக்க ஓசூரைவிடத் தோதான இடம் வேறில்லை.

அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. கையின் பிடிவலுவை அளக்கும் டைனமோமீட்டர் எந்தப் பிசியோதெரபி அறையிலும் இருக்கக்கூடிய சிறிய பொருள்; தசையின் பருமனை அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம். கைக்கோ காலுக்கோ நசுங்கல் காயம் பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆறாவது வாரம், ஆறாவது மாதம், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று இந்த அளவுகளை எடுத்து, அவர் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அவருடைய இ.எஸ்.ஐ. எண்ணோடு அந்தப் பதிவும் போகும்படி செய்ய வேண்டும். இறுதிச் சதவீதத்தை அந்த வரிசையைப் பார்த்த பிறகே எழுத வேண்டும். பெங்களூருவின் தசை ஆய்வாளர்களும் கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து எந்த அளவு எந்தக் கட்டத்துக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய மாநில எல்லை ஒரு தடையாகக் கூடாது. தொழிற்சங்கங்கள் ஊதிய ஒப்பந்தத்தில் காப்பீட்டுத் தொகையைக் கேட்பதுபோல இந்தப் பதிவையும் கேட்க வேண்டும். இப்போதைக்கு அதைக் கேட்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.